எண்ணாமல் விட்ட நண்டுகள்

என் மகள் அபிராமி நண்டு படிக்கிறாள். காலேஜ் முடித்து, அதற்கு மேல் முடித்து, இப்போது அதற்கும் மேல். ஊரில் யாராவது கேட்டால் கடல் படிப்பு என்று சொல்லிவிடுவேன். நண்டு என்றால் அடுத்த கேள்வி வரும்.

கடலோரச் சேற்றில் வளை போட்டு இருக்கிற சின்ன நண்டு அது. தண்ணீர் ஏறினால் உள்ளே போகும். வற்றினால் வெளியே வரும். எந்த மாதம் முட்டை சுமக்கிறது, எந்த மாதம் சுமக்கவில்லை, வெயிலில் எப்படி, மழையில் எப்படி என்பதுதான் அவள் பார்ப்பது. அதற்காக மாதம் தவறாமல் பௌர்ணமியை ஒட்டி மணமேல்குடிக்குப் போய்த் தங்கி, சேற்றில் இறங்குவாள். தையில் ஆரம்பித்தாள். ஐப்பசியோடு பத்து மாதம் முடிந்தது. கார்த்திகையும் மார்கழியும் பாக்கி.

கார்த்திகை பிறந்த நாலாம் நாள் மழை ரோட்டில் வண்டி வழுக்கி அவளுக்கு வலது கால் முறிந்தது. இரண்டு மாதம் ஊன்றக் கூடாது என்று மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அவள் அழவில்லை. கட்டிலில் கிடந்தபடி காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒரு மாசம் விட்டா அந்த மாசத்துக்கு அடுத்த வருசம்தான்பா. அடுத்த வருசம் வரைக்கும் என்னைய இருக்க விட மாட்டாங்க" என்றாள்.

"நான் போறேன்" என்றேன்.

என் மனைவி சிரித்தாள். அபி சிரிக்கவில்லை. அதில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தாள். ஓட்டின் அகலத்தை அளக்க ஒரு கருவி, வெர்னியர் என்று பேர். வீட்டில் நண்டுக்கு எங்கே போவது? நிலக்கடலையை அளந்து பழகினேன். நூறு கடலையாவது அளந்திருப்பேன். ஐந்தாவது வரைதான் படிப்பு, ஆனால் கோடு பார்க்கத் தெரியும். மஸ்கட்டில் எட்டு வருடம் சென்ட்ரிங் வேலை பார்த்தவன்.

செய்ய வேண்டியது இது. அரைமீட்டருக்கு அரைமீட்டர் கம்பிச் சட்டம் ஒன்று. அதைச் சேற்றில் வைத்தால் ஒரு கட்டம். அதற்குள் முழங்கை ஆழம் தோண்டி, இருக்கிற நண்டை எல்லாம் எடுக்க வேண்டும். ஆணை அளந்துவிட்டு விட்டுவிடலாம். பெண்ணை அளந்து ஸ்பிரிட் பாட்டிலில் போட வேண்டும். கரைப் பக்கம் ஐந்து கட்டம், கடல் பக்கம் ஐந்து கட்டம். மொத்தம் பத்து.

"பாட்டில்ல இருக்கிறதும் புக்குல இருக்கிறதும் ஒத்துப்போகணும்பா. ஒண்ணுகூட முன்னப்பின்ன இருக்கக் கூடாது. மத்ததெல்லாம் பாக்கியம் அத்தைக்குத் தெரியும். அவங்க சொல்லச் சொல்ல எழுதுனா போதும்."

பாக்கியம் அந்தக் கரையில் நண்டு பிடிக்கிறவர். பத்து மாதமும் அபிக்குத் தோண்டிக் கொடுத்தவர்.

முதல் நாள் விடியக் கிளம்பினேன். தோளில் பை, ஒரு கையில் பாட்டில் வைத்த டப்பா, இன்னொரு கையில் கம்பிச் சட்டம். அறந்தாங்கியில் ஏறிய பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. மழை என் மடியில்தான் பெய்தது. புத்தகத்தைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டேன்.

"அந்தக் கம்பிய ஆளு கால்ல குத்தாம வைங்க" என்றார் கண்டக்டர்.

பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "ஜன்னல் சட்டமா?"

"இல்லங்க."

"அப்பறம்?"

"நண்டு எண்ண."

அவர் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தார். "எங்க ஊர்ல ஆள எண்ணவே யாரும் ஒழுங்கா வாரதில்ல" என்றார். முன் சீட்டில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. டப்பாவுக்குள் பாட்டில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மூடி கழன்றுவிட்டதோ என்று மூன்று தடவை திறந்து பார்த்தேன்.

ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டுக்கு மேல் தண்ணீர் போனது. டிரைவர் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நாற்பது நிமிடம். எங்கள் பக்கம் மழைத் தண்ணீர் கண்மாய்க்குப் போகும், நாங்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம். இந்தப் பக்கம் அது நேரே கடலுக்கு ஓடுகிறது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணமேல்குடியில் அபி எடுத்திருக்கும் அறை ஒரு கயிற்றுக் கடைக்கு மேலே. டீக்கடையில் டீ உப்புக் கரித்தது. ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். பாக்கியம் அங்கேயே வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை.

"நீங்கதான் அபி அப்பாவாண்ணே? மூக்கப் பாத்தாலே தெரியுது. புள்ள கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"பேசுறதும் அதே மாதிரிதான். அதுவும் ஒரு வார்த்தைதான் பேசும்." டீக்கடைக்காரரிடம் திரும்பினார். "இவுகளும் நண்டு எண்ணத்தான் வந்துருக்காக."

"குடும்பத் தொழிலாக்கும்" என்றார் அவர்.

அன்று திருக்கார்த்திகை. சாயங்காலம் தெருவில் விளக்கு வைத்தார்கள். காற்றில் நிற்கவில்லை. மறுபடி மறுபடி ஏற்றினார்கள். கிழக்கே இருந்து அடித்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் காலையில் கரைக்குப் போனோம். மஸ்கட்டில் லாரியில் போகும்போது கடலைப் பார்த்திருக்கிறேன். கால் வைத்ததில்லை. இந்தக் கடலுக்கு அலை இல்லை. கண்மாய் மாதிரி கிடக்கிறது. ஓரத்தில் அலையாத்தி மரங்கள், அதற்கு முன்னால் சேறு. அந்தச் சேறு வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை. மரத்தின் அடி வரை தண்ணீர் நின்றது.

பாக்கியம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "கெழக்குக் காத்து புடிச்சுத் தள்ளுதுண்ணே. தண்ணி எங்க போகும்?"

"எப்ப வத்தும்?"

"காத்துக்கிட்டத்தான் கேக்கணும்."

வற்றும் நேரம் வந்து, போயும் விட்டது. முழங்கால் அளவுக்குக் கீழே இறங்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு கவிழ்த்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் நன்றாக வற்றுவது பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்தான். அதில் ஒன்று போய்விட்டது.

அப்போதுதான் பாக்கியம் சொன்னார். "நாளைக்கு நான் இல்லண்ணே. அக்கா மகளுக்குக் கட்டுமாவடில நிச்சயதார்த்தம். இன்னைக்கு அஞ்சு, நாளன்னிக்கு அஞ்சுன்னு புள்ளகிட்டச் சொல்லியிருந்தேன். இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

அபிக்குப் போன் போட்டேன். "நாளைக்குக் காத்து எறங்கும்னு போட்டிருக்கு. மேல் அஞ்ச, கரைப் பக்கத்த, நீங்க தனியா முடிச்சிருங்கப்பா. முடியுமா?"

"முடியும்."

"புரியலேன்னா போன் பண்ணுங்க."

"ம்."

மத்தியானம் ஓட்டலில் கணவாய் வறுவல் வைத்தார்கள். எங்கள் பக்கம் கறி என்றால் ஆடு, கோழி, கண்மாய் மீன். இது ரப்பர் மாதிரி இருந்தது. பக்கத்து இலைக்காரர் தன் பிள்ளைக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, வடக்கே இரண்டு வள்ளம் காற்றில் தள்ளிப்போய்த் திரும்பி வந்த கதையைச் சொன்னார். நான் ஜன்னல் வழியாகக் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொடி விறைத்து மேற்கே நீட்டிக்கொண்டு நின்றது.

மூன்றாம் நாள் கொடி தொங்கிவிட்டது.

நேற்றைக்கு இன்று முக்கால் மணி நேரம் தள்ளி வற்றும் என்று கணக்கு. நான் ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நின்றேன். தண்ணீர் சத்தம் இல்லாமல் பின்வாங்கியது. சேறு வெளியே வந்தது. முதலில் ஒன்றும் இல்லை. அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வளையில் இருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு பத்து. பிறகு தரை முழுவதும்.

ஆணுக்கு ஒரு கை மட்டும் பெரிது. உடம்பில் பாதி அதுதான். அதை மேலே தூக்கித் தூக்கி இறக்குகிறது, நிற்காத பஸ்ஸுக்குக் கை காட்டுகிற மாதிரி. ஆயிரம் நண்டு கை காட்டுகிறது. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். ஒன்றையும் காணோம்.

செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது. வெறுங்காலோடு போய்ச் சட்டத்தை வைத்தேன். எங்கள் வயல் சேறு காலை வாங்கிக்கொள்ளும், தூக்கினால் விட்டுவிடும். இது விடாது. ஒவ்வொரு காலையும் கையால் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. தோண்டினேன். ஆண் நண்டு கடித்தது. அளந்தேன், எழுதினேன், விட்டேன். பெண்ணை அளந்தேன், எழுதினேன், பாட்டிலில் போட்டேன். சேற்றுக் கையில் வெர்னியர் இரண்டு தடவை வழுக்கி விழுந்தது.

அந்தக் கட்டத்திலேயே, ஆழத்தில், ஒரு பெண் நண்டு. புரட்டினேன். வயிற்று மூடி மூடாமல் வீங்கி நின்றது. உள்ளே கசகசாவை அள்ளி அடைத்த மாதிரி முட்டை.

எங்கள் வயலில் நண்டு எதிரிதான். வரப்பில் ஓட்டை போட்டு ஒரே நாளில் தண்ணீரை வடித்துவிடும். வளையில் கையை விட்டுப் பிடித்து ஓட்டைத் தட்டிக் குழம்பு வைப்போம். ஆனால் வயிற்றில் குஞ்சோடு வருவதை மட்டும் எடுக்க மாட்டோம். நடு வயலில் தூக்கிப் போட்டுவிடுவோம். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. எடுக்கிறவனை மட்டும் பேசுவார்கள். "பிள்ளைக்காரியைக்கூட விடாதவன்" என்பது எங்கள் பக்கம் ஒருத்தனைத் திட்டுகிற வார்த்தை.

பாட்டிலைத் திறந்தேன். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. கை போகவில்லை.

வளை இருந்த இடத்தில் விரலால் ஒரு குழி குத்தி அதை உள்ளே விட்டேன். மேலே கொஞ்சம் சேறு தள்ளினேன். எழுதவில்லை. பாட்டிலில் இல்லாததைப் புத்தகத்தில் எழுதினால் ஒத்துப்போகாது. பத்து இருபதில் ஒன்று குறைந்தால் என்ன என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாக் கட்டத்திலும் அப்படி வந்தது. சிலதில் ஒன்று, சிலதில் மூன்று. எல்லாவற்றையும் விட்டேன். எண்ணவும் இல்லை. முட்டை என்று தலைப்புப் போட்ட இடத்தில் ஐந்து கட்டத்துக்கும் சுழி போட்டேன். பாட்டிலில் முட்டையோடு எதுவும் இல்லையே.

தண்ணீர் காலைத் தொடும்போது ஐந்தாவது முடிந்தது. கரையில் உட்கார்ந்து பாட்டிலையும் புத்தகத்தையும் ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. நாலு பரோட்டா சாப்பிட்டேன். நிம்மதியாகச் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான்.

சாயங்காலம் அபி கூப்பிட்டாள். பக்கத்தைப் படிக்கச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். அவளும் எழுதிக்கொண்டாள்.

"முட்டையில என்ன எழுதியிருக்கீங்க?"

"சுழி."

"அஞ்சுலயுமா?"

"அஞ்சுலயும்."

பிறகு வந்த குரல் வேறாக இருந்தது. சின்னப் பிள்ளையில் மார்க் ஷீட் கொண்டு வரும்போது இருக்கிற குரல்.

"ஐப்பசில இருந்துச்சுப்பா. நான் கையில எடுத்தேன். ஒரே மாசத்துல ஒண்ணுமே இல்லாமப் போயிருக்குன்னா மழைத் தண்ணி எறங்குனதும் அப்படியே நிப்பாட்டிருக்கு. எங்க கைடு சார் ஒத்துக்கல, மழையிலயும் கொஞ்சம் இருக்கும்னாரு. நான் இருக்காதுன்னு சொன்னேன். இப்பவே அவருக்கு அனுப்பப் போறேன்."

"அபி."

"என்னப்பா?"

வாய் வரை வந்தது. "கால் வலி எப்படி இருக்கு?" என்றேன்.

"அதெல்லாம் தெரியவே இல்லப்பா" என்று வைத்துவிட்டாள்.

வாங்கி வைத்த இட்லியைப் பிரிக்கவில்லை. சும்மா குறைந்தால் என்ன என்று நினைத்தது இப்போது அவள் வாயில் ஒரு பெரிய விஷயமாகிவிட்டது. அது என் கையால் ஆனது. இரண்டு தடவை போனை எடுத்தேன். அடித்தால் என்ன சொல்வது? இருந்தது, நான் விட்டுவிட்டேன் என்பது மூன்று வார்த்தை. அந்த மூன்றையும் சொல்ல முடியவில்லை. அவள் அதற்குள் அனுப்பியிருப்பாள் என்பது அடுத்த பயம்.

நாலாம் நாள் பாக்கியம் கையில் லட்டுப் பொட்டலத்தோடு வந்தார். "நிச்சயத்துல கொடுத்தது. எடுத்துக்கங்கண்ணே. என்ன மூஞ்சி இப்படி இருக்கு? உப்புத் தண்ணி ஒத்துக்கலையா?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசியது இந்தப் பயணத்தில் அப்போதுதான்.

பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்ணே, இந்தச் சட்டத்தத் தூக்கிக்கிட்டு இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீங்க? அது படிக்கிறதே அந்த முட்டைக்காரியத்தான."

"பாட்டில்ல போட மனசு வரல."

"ஒங்க புள்ள மட்டும் போடுதுன்னா நெனச்சீங்க?"

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அதுவும் விட்டுத்தான் விடும். அளந்து, நெறத்த எழுதிட்டு விடும். மொத மாசமே சொல்லிருச்சு. 'எங்க ஊர்ல இத எடுக்க மாட்டாங்க அத்தை'ன்னுச்சு." புத்தகத்தை என் கையில் இருந்து வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஐப்பசிப் பக்கத்தைச் சரியாகப் பிரித்தார். "இந்தா, ஓரத்துல சின்ன வட்டமா இருக்கே, இது என்னன்னு பாத்தீங்களா? விட்டதுக்குப் போடுறது. இது பாட்டில் கணக்குல வராது."

வட்டத்தைப் பார்த்திருந்தேன். பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்தது என்று நினைத்திருந்தேன். தையில் இருந்து ஐப்பசி வரை, பக்கத்துக்குப் பக்கம் வட்டம்.

"அத அவ எங்கிட்டச் சொல்லலையே."

"நான் கூட இருப்பேன்னு நெனச்சிருக்கும். நானும் இருப்பேன்னுதான் நெனச்சேன்." புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். "அப்பனும் மகளும் ஒருத்தருக்கொருத்தர் நாலு வார்த்தை கூடப் பேசிக்கிட்டா என்னண்ணே, கொறஞ்சா போகும்?"

தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ஒரு வற்றத்தில் ஐந்து கட்டம்தான் ஆகும். எங்களுக்குப் பத்து வேண்டும்.

"கீழ முதல்ல முடிச்சுட்டு மேல ஏறுவோம்" என்றார் பாக்கியம். "தண்ணி கீழதான் மொதல்ல வரும். நான் கையால எடுத்துப் போட்டுக்கிட்டே இருப்பேன். நீங்க நிமிரக் கூடாது."

நிமிரவில்லை. தண்ணீர் இன்னும் முழுசாக வடியும் முன்னாடியே முதல் சட்டத்தை வைத்தோம். அவர் தோண்டுவதைப் பார்க்க வேண்டும். மண்வெட்டி இல்லை, கரண்டி இல்லை. வளையின் வாயில் கட்டை விரலை வைத்து அடைப்பார். அடுத்த கையைப் பக்கவாட்டில் இறக்குவார். நண்டு தானாகக் கைக்குள் வரும். "ஆணு. ஆணு. பொட்டை. இது முட்டைக்காரி, எழுதுங்க. செவப்பு." அளந்தேன். எழுதினேன். வட்டம் போட்டேன். அவர் விட்டார்.

"முட்டைக்காரி மேல வந்து ஒக்காராதுண்ணே. உள்ளயேதான் கெடக்கும். இந்த ஆம்பளைங்கதான் வெளிய நின்னு கையாட்டிக்கிட்டு."

கடல் பக்கம் ஐந்தும் முடிந்தபோது தண்ணீர் திரும்பிவிட்டது. மழையும் பிடித்தது. கரைப் பக்கம் ஓடினோம். ஓடினோம் என்று எழுதுகிறேனே தவிர, அந்தச் சேற்றில் ஓட முடியாது. நேற்று கிளறிய இடத்தில் வைக்கக் கூடாது. என் பள்ளங்கள் ஐந்தும் தண்ணீர் கட்டி நின்றன. பத்து அடி தள்ளிச் சட்டத்தை வைத்தோம்.

புத்தகத்துக்கு மேல் பாக்கியம் தன் முந்தானையைப் பிடித்தார். ஒரு கையால் தோண்டினார். என் விரல் விறைத்து எண் கோணலாக வந்தது. வெர்னியரை மூன்று மூன்று தடவை பார்த்து எழுதினேன். தப்பாகப் பார்த்துவிட்டால் அடுத்த தடவை என்பது இல்லை.

"கருப்பு முட்டை. இது ரெண்டு நாள்ல குஞ்ச விட்டுரும். எழுதுங்க."

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எல்லாவற்றிலும் இருந்தது. நாலு கட்டத்தில் பதினோரு வட்டம்.

ஐந்தாவதில் பாதி தோண்டும்போது தண்ணீர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. கை விட்டால் கலங்கல். எது வளை, எது பள்ளம் என்று தெரியவில்லை.

"பாதிய வச்சு மீதியப் போட்டுக்கங்கண்ணே. யாரு பாக்கப் போறா?"

"வேணாம்" என்றேன்.

அளந்ததை விட்டுவிட்டு, அந்த வரியில் 'தண்ணீர் வந்துவிட்டது, முடிக்கவில்லை' என்று எழுதினேன். சட்டத்தைத் தண்ணீருக்குள் தடவி எடுத்தோம்.

கரைக்கு வந்து ஈரத்தோடு ரோடு வரை நடந்தேன். அங்கேதான் டவர் நன்றாகக் கிடைக்கும். ஒரு பூட்டிய கடையின் தகரத்துக்குக் கீழே நின்று போன் போட்டேன். மழைச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மூன்று வார்த்தையை இரண்டு தடவை கத்தினேன்.

அபி நேராகக் கேட்டாள்.

"எத்தன விட்டீங்க?"

"எண்ணல. பத்து இருக்கும்."

"குத்துமதிப்பு வேணாம்பா."

"அப்ப தெரியாது."

"நேத்தே தெரியுமா ஒங்களுக்கு? நான் சாருக்கு அனுப்பப் போறேன்னு சொன்னப்ப?"

"தெரியும்."

மழை தகரத்தில் அடித்தது. இன்றைய கணக்கைச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம், புத்தகத்தைக் கொண்டு வாருங்கள் என்று வைத்துவிட்டாள். பாக்கியம் டீ வாங்கி நீட்டினார். உப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள் திரும்பினேன். பஸ்ஸில் ஷட்டர் நன்றாக இருந்தது. ரோட்டில் தண்ணீர் வடிந்திருந்தது. பாட்டில் ஆடவில்லை. ஆனால் ஊர் சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று இருந்தது.

அபி புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அவ்வளவுதான். என் மனைவி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு ரசத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மத்தியானம் அபி போனில் பேசுவது கேட்டது. "இல்ல சார். தப்பு சார். நான் அவசரப்பட்டுட்டேன் சார்." என் பேரை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் கூப்பிட்டாள். புத்தகம் மடியில் விரிந்திருந்தது. நான் தனியாக எழுதிய பக்கம்.

"கிழிச்சிரவா?" என்றேன்.

"கிழிக்கக் கூடாதுப்பா. எந்தப் பக்கத்தையும் கிழிக்கக் கூடாது." ஸ்கேலை வைத்து மேல் மூலையில் இருந்து கீழ் மூலைக்கு ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு அடியிலும் என் எழுத்தைப் படிக்க முடிந்தது. "கரைப் பக்கத்துக்கு முந்தாநேத்து எடுத்த நாலு கட்டம் போதுமான்னு சார் பாத்துச் சொல்றேன்னாரு. போதும்னுதான் சொல்லுவாருன்னு நெனக்கிறேன். ஆனா இந்தப் பக்கம் ஏன் போச்சுன்னு எழுதி வைக்கணும். நீங்களே எழுதுங்க."

பேனாவைக் கொடுத்தாள்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன். 'இந்த ஐந்து கட்டத்திலும் முட்டை சுமந்த நண்டுகள் இருந்தன. எத்தனை என்று தெரியாது. எண்ணாமல் விட்டது நான். சுழி நான் போட்டது. நண்டு போட்டது இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவள் எடுத்துப் படித்தாள். கடைசி வரியில் அவள் வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"தேதி போடுங்க."

போட்டேன்.

"மார்கழில சேத்துல பனி எறங்கும்பா" என்றாள், புத்தகத்தை மூடிக்கொண்டே. "தலைக்குத் துண்டு கட்டிக்கிட்டு எறங்குங்க."

சரி என்றேன்.